மேகத்தின் முதுகு

அன்று காலை கோயில் முன்னால் இருபது பேர் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மாசி மாதம். அம்மன் சாட்டுக்கு, அதாவது திருவிழாவுக்கு, காப்புக் கட்டி நான்காம் நாள். எங்கள் மலையில் மாசி வெயில் ஒரு தினுசு. முதுகில் சுடும், காதில் குளிரும். வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. அந்த வெயிலில் வெறுங்காலோடு நின்றுகொண்டு, செல்போனை இரண்டு கையாலும் பிடித்தபடி நான் சொன்னேன்:

"நாளைக்குச் சாயங்காலத்துக்கு மேல பெரிய மழை வருதுங்க. நெலத்துல நிக்கிற பூண்டை எல்லாரும் எடுத்துருங்க."

முதலில் வாயைத் திறந்தது என் கொழுந்தன் சின்னச்சாமி.

"ஏன் மதினி, நம்ம ஊருல சாட்டு நடக்குதுன்னு உங்க சேட்லைட்டுக்கு யாரும் தாக்கல் சொல்லலையா?"

பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது. "அதுக்கும் ஒரு காப்பக் கட்டி விடுங்கப்பா. எட்டு நாளைக்கு ஊரைத் தாண்டாமக் கெடக்கட்டும்."

அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

சிரிக்காதவர் ஒருவர் உண்டு. ஊர்ப் பெரியதனக்காரர் கருப்பையா மாமா. எங்கள் ஊரில் நல்லது கெட்டதுக்கு அவர் வைத்ததுதான் சட்டம். துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு, "ராசாத்தி, போன வருசம் நீ சொன்னது ஞாபகம் இருக்குல்ல?" என்றார்.

இருந்தது. அதனால்தான் போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

மண்ணுக்குள் இருந்தது என்ன?

எங்கள் ஊர் கொடைக்கானலுக்கும் மேலே, பஸ் வளைந்து வளைந்து போய் நிற்கிற கடைசி ஊர்களில் ஒன்று. கேரட், உருளைக்கிழங்கு எல்லாம் உண்டு என்றாலும் பூண்டுதான் எங்களுக்கு உயிர்.

இந்தப் பூண்டின் விதை வெளியூர்க் கடையில் கிடைக்காது. மாசியில் எடுக்கிற பூண்டில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, தாளோடு கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் புகை படுகிற மாதிரி தொங்கவிடுவோம். அதைத்தான் சித்திரையில் ஊன்றுவோம். முற்றிய பூண்டு மேல் மூன்று நாள் சேர்ந்தாற்போல் மழை நின்றால், தோல் பிரிந்து பல் பல்லாக அழுகிவிடும். தின்னவும் ஆகாது, ஊன்றவும் ஆகாது.

அதாவது, ஊர் மொத்தத்துக்குமான அடுத்த விதை அன்று மண்ணுக்குள் இருந்தது.

எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். சாட்டு நாளில் முடியாது. காப்புக் கட்டியதிலிருந்து எட்டு நாள் அம்மன் எங்கள் மண்ணுக்குள் படுத்திருக்கிறாள் என்பது நம்பிக்கை. அந்த எட்டு நாளும் மண்ணில் இரும்பு படக்கூடாது. கொத்தோ மண்வெட்டியோ விழுந்தால் அவள் மேல் விழுந்த மாதிரி. மற்ற வருஷங்களில் சாட்டு முடிந்த பிறகுதான் பூண்டு முற்றும். அந்த வருஷம் ஊருக்குள் ஒரு துக்கம் விழுந்து சாட்டு தள்ளிப்போய்விட்டது. இரண்டும் ஒன்றாக வந்து நின்றன.

போன வாரம் இந்தப் பக்கத்தில், ஏழாம் வகுப்போடு நான் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று எழுதியிருந்தேன். எட்டாம் வகுப்புக்கு நாயுடுபுரத்தில் விடுதியில் தங்க வேண்டும். நான் அங்கே இருக்கும்போது இங்கே அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் சொல்லி அனுப்புவார்கள் என்று யோசித்தேன். யோசித்து யோசித்துக் காய்ச்சலே வந்துவிட்டது. அம்மா அதற்குப் பிறகு நன்றாகத்தான் இருந்தார்கள். படிப்புதான் போய்விட்டது.

அப்படிப்பட்டவள் ஊர் முன்னால் நின்று பேசினேன் என்றால், அதற்கு முன் ஒரு கதை இருக்கிறது. அது பெருமாள்மலையில் ஒரு டீக்கடையில் ஆரம்பித்தது.

நிலாவில் இறங்கிய சாயங்காலம்

நிலாவில் நம் நாட்டுக் கலம் இறங்கிய நாள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அன்று நானும் என் வீட்டுக்காரர் தங்கவேலும் கேரட் மூட்டைகளோடு லாரியில் கீழே போய்க்கொண்டிருந்தோம். பெருமாள்மலை தாண்டி ரோட்டில் மரம் விழுந்து கிடந்தது. வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன.

டீக்கடையில் டிவி ஓடியது. டிரைவர்கள், சுற்றுலா வந்தவர்கள், ரோடு இல்லாத வெள்ளகவி ஊருக்குச் சாமான் ஏற்றப் போகிற குதிரைக்காரர் ஒருவர் என்று எல்லோரும் உள்ளே நெருக்கிக்கொண்டு நின்றோம். ஒரு கோடு கீழே கீழே இறங்கிக்கொண்டே வந்தது.  இறங்கிவிட்டது என்று சொன்னதும் கடையே கை தட்டியது. நான் அழுதுவிட்டேன்.

"இப்ப எதுக்கு அழுகுற?" என்றார் வீட்டுக்காரர்.

"அது அங்கன தனியா என்ன செய்யும்?"

"ம்க்கும். அது காத்தில்லாம நிக்குது, இவ அதுக்குத் தொணை தேடுறா." பிறகு கடைக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "அங்க எறக்குன காசுக்கு இங்க ரோட்டப் போட்டிருந்தா, நாம இந்நேரம் ஒட்டன்சத்திரம் சந்தையில இருந்திருப்போம்."

நாலைந்து பேர் அதற்கும் கை தட்டினார்கள்.

எங்கள் லாரி டிரைவர் பாண்டி மட்டும் தட்டவில்லை. அவன் தூத்துக்குடிப் பக்கத்துக் கடலோர ஊர்க்காரன். மலைக்கு வந்து வண்டி ஓட்டுகிறான். எனக்குத் தம்பி மாதிரி. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, ரோடும் வேணும். இதுவும் வேணும்ணே," என்றான்.

"இது உனக்கு என்னலே செஞ்சுச்சு?"

அவன் செல்போனை எடுத்துக் காட்டினான். கறுப்பில் நம் நாட்டின் விளிம்பு கோடாகத் தெரிந்தது. அதன் மேல் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள்.

"மேல சுத்துதுல்ல, அது எடுத்த படம். இப்ப எடுத்தது. இந்த வெள்ளையெல்லாம் மேகம். எங்கண்ணன் கடலுக்குப் போறாரு. நான் எங்க வண்டி ஓட்டிட்டுக் கெடந்தாலும் இத ஒரு தடவ பாத்துருவேன். கடல்ல எதுனாச்சும் கூடுச்சுன்னா முந்தின நாளே கரையில சொல்லிருவாக. படகு எறங்காது."

போனைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "எங்கப்பா போனப்ப இதெல்லாம் வீடு வரைக்கும் வரலண்ணே. காலையில வானம் நல்லாத்தான் இருந்துச்சாம்," என்றான்.

 வீட்டுக்காரர் பாண்டிக்கு இன்னொரு டீ சொன்னார்.

மரத்தை அறுத்து எடுக்க நேரம் ஆயிற்று. அதற்குள் என் போனிலும் அந்தப் படத்தைப் பாண்டி வரவைத்துக் கொடுத்தான். கவலைப்படுகிறவள் கையில் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை மாறுகிற படத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. சோறு வடிக்கும்போது பார்ப்பேன். களை எடுக்கும்போது பார்ப்பேன். சுற்றிச் சுற்றிக் களைத்துப்போய் அந்தச் செயற்கைக்கோள் எங்கள் வீட்டு மேல் விழுந்துவிடுமோ என்றும் பாண்டிக்குப் போன் போட்டுக் கேட்டேன். "விழுந்தா என் மேல விழட்டும்க்கா, வைங்க," என்றான்.

ஊரில் எனக்கு "சேட்லைட்டு" என்று பேர் விழுந்தது.

பால் மாதிரி ஒரு வெள்ளை

அதற்கு அடுத்து வந்த தை மாதம். ஒரு நாள் வெள்ளனே எழுந்து படத்தைப் பார்த்தேன். தேனி, பெரியகுளம் பக்கம் முழுக்க ஒரே வெள்ளை. எங்கள் மலையின் அடிவாரத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

 ஓடினேன். வீடு வீடாகக் கதவைத் தட்டினேன். "மழை வருது, மழை வருது, பூண்டை எடுங்க."

ஏழு வீட்டுக்காரர்கள் என்னை நம்பினார்கள். அதில் ஒருத்தி முத்துலட்சுமி. புருஷன் போன பிறகு தனியாளாகத் தோட்டம் பார்க்கிறவள். என் சிநேகிதி. வேறு யார் சொல்லியிருந்தாலும் யோசித்திருப்பாள். நான் சொன்னதால் யோசிக்காமல் எடுத்தாள். இன்னும் முற்றாத பூண்டு.

பத்து மணிக்கு வெயில் பளீரென்று அடித்தது. அன்றும் மழை இல்லை, மறுநாளும் இல்லை, அந்த மாதம் முழுவதும் இல்லை. பிஞ்சில் எடுத்த பூண்டு காய்ந்து, தோலுக்குள் ஒன்றும் இல்லாமல் சுருங்கிப் போனது. முத்துலட்சுமி என்னைத் திட்டவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டாள். குழாயடியில் நான் வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

படம் பொய் சொல்லியதா, நான் தப்பாகப் பார்த்தேனா? இது என்னை அரித்தது. போனைக் கிணற்றில் போட்டுவிடச் சொன்னார் வீட்டுக்காரர்.

ஒரு வாரம் கழித்து விறகு எடுக்க மலையின் தெற்கு விளிம்புக்குப் போனேன். எங்கள் ஊர் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிறது. சமவெளியைப் பார்க்க வேண்டும் என்றால் பைன் மரங்களுக்குள்ளே அரை மணி நேரம் நடந்து விளிம்புக்குப் போக வேண்டும். போய் நின்றேன். எனக்குக் கீழே, தேனி வரைக்கும், வெள்ளை. காய்ச்சி ஆறிய பாலின் ஏடு மாதிரி, ஒரு சுருக்கம் இல்லாமல், வழவழவென்று. என் தலைக்கு மேலே நல்ல வெயில்.

உடனே போனை எடுத்துப் பார்த்தேன். அதே வெள்ளை. அதே இடம். அதே வழவழப்பு.

அது மார்கழி, தையில் எங்கள் காலடியில் கிடக்கிற வெறும் மூடுபனி. பிறந்ததிலிருந்து பார்த்து வருகிற பனி. படத்தில் பார்த்ததும் அதை அடையாளம் தெரியவில்லை எனக்கு.

அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். கீழே ஊர்களில் இருக்கிறவர்களுக்கு மேகம் என்றால் அதன் வயிறுதான் தெரியும். மலைக்காரர்களான எங்களுக்கு அதன் முதுகு தெரியும். அந்தச் செயற்கைக்கோளும் முதுகைத்தான் பார்க்கிறது. அப்படியானால், அது பார்க்கிறதைப் படிக்க ஏழாம் வகுப்புப் படிப்பு போதாதா என்ன?

அதிலிருந்து முடிந்த நாளெல்லாம் விளிம்புக்குப் போனேன். போனில் இருக்கிற வெள்ளையையும் கண்ணெதிரே இருக்கிற வெள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். பனி ஏடு மாதிரி கிடக்கும். வெயில் ஏற ஏற ஓரத்திலிருந்து கரையும். மழை மேகம் அப்படி இல்லை. உலை பொங்குகிற மாதிரி முடிச்சு முடிச்சாகக் கிளம்பும். படத்திலும் அதே முடிச்சு தெரியும். நேரம் ஆக ஆகப் பெரிதாகும். எங்கே கிளம்பினால் எங்கள் ஊருக்கு எவ்வளவு நேரத்தில் வரும் என்று மனதுக்குள் ஒரு கணக்கு உண்டாயிற்று. தப்பும் நிறைய வந்தது. ஆனால் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு வருஷம் திறக்கவில்லை.

நம் மலை பத்தாது

இனிமேல் கோயில் முன்னால் நடந்ததற்கு வருகிறேன்.

மூன்று நாளாக அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இலங்கைக்குத் தெற்கே கடலில் ஒரு பொங்கல். முதல் நாள் உள்ளங்கை அளவு. மறுநாள் இரண்டு கை அளவு. மூன்றாம் நாள் அது நகர ஆரம்பித்தது, எங்கள் பக்கமாக. தென் மாவட்டங்களில் மழை பெய்யலாம் என்று டிவியிலும் சொன்னார்கள்தான். "தென் மாவட்டம்னா திருநெல்வேலி" என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

சொன்னால் தப்பாகிவிடுமோ என்று ஒரு பயம். சொல்லாமல் விட்டு மழை வந்துவிட்டால்? இரண்டாவது பயம் பெரிதாக இருந்தது. போய்ச் சொன்னேன். சிரித்தார்கள். திரும்பி நடந்தேன்.

பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டது. முத்துலட்சுமி.

"நில்லு," என்றாள். ஒரு வருஷத்தில் என்னிடம் பேசிய முதல் சொல். "போன தடவ உன்ன நம்பித்தான் என் வெதை போச்சு. இருக்கிறவக கிட்ட வாங்கி ஊனி, இப்பத்தான் தலை நிமிந்திருக்கேன். மறுபடியும் ஆரம்பிக்கிறியே, ஒனக்கு வேற சோலியே இல்லையா?"

"போன தடவ நான் பனியப் பாத்து மழைன்னுட்டேன், முத்து."

"இது பனியில்லன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"வா, காட்டுறேன்."

இரண்டு பேரும் விளிம்புக்கு நடந்தோம்.  விளிம்பில் நின்று பார்த்தால், சமவெளி கண்ணாடி மாதிரி தெளிவாகத் தெரிந்தது. வைகை அணை மினுங்கியது. துளி மேகம் கிடையாது.

"எங்கடி மழை?" என்றாள்.

 போனை எடுத்துக் காட்டினேன். ஏடு மாதிரி இருந்த பழைய படங்களை வைத்திருந்தேன். அதையும் அன்றைய படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். "இது பனி. இது பொங்குறது. நேத்து இங்க இருந்துச்சு. காலையில இங்க. இப்ப இங்க."

"அப்ப ஏன் கண்ணுக்குத் தெரியல?"

"இங்கன நின்னா தேனி வரைக்கும்தான் தெரியும். அது கடல்ல இருக்கு. அதப் பாக்க நம்ம மலை பத்தாது முத்து. அது நம்மளவிட ஒசரமான மலையில நின்னு பாக்குது. அம்புட்டுத்தான்."

அவள் போனை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"உன் மூஞ்சிய யாரும் நம்ப மாட்டாக. எப்பப் பாத்தாலும் எழவு விழுந்த மாதிரியே இருக்கும். நான் பேசுறேன், வா."

பூ விழுந்த பக்கம்

முத்துலட்சுமி பெரியதனக்காரர் வீட்டு வாசலில் நின்று பேசியதும் ஊர் மறுபடி கூடியது. போன வருஷம் அதிகம் இழந்தவளே வந்து சொல்கிறாள் என்பதால் இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஆனால் காப்பு இருக்கிறதே?

"அம்மன்கிட்டயே கேட்டுருவோம்," என்றார் கருப்பையா மாமா.

எங்கள் ஊரில் அம்மனிடம் கேட்பது என்றால் பூ கேட்பது. பூசாரி சிலையின் இரண்டு தோளிலும் ஈரப் பூவை ஒட்டி வைப்பார். கேள்வியைச் சொல்லிவிட்டு எல்லோரும் காத்திருப்போம். வலது தோள் பூ முதலில் விழுந்தால் சரி. இடது என்றால் வேண்டாம்.

"ஆத்தா, சாட்டுக்குள்ள மண்ணுல கொத்துப் போடலாமா?" என்று பெரியதனக்காரர் கேட்டார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடிய கண்ணுக்குள் அந்தப் பொங்கல்தான் தெரிந்தது.  கடைசியில் கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு. கண்ணைத் திறந்தேன்.

இடது பூ விழுந்திருந்தது.

கூட்டம் கலைய ஆரம்பித்தது. "ஆத்தாளே சொல்லிட்டா, அப்புறம் என்ன," என்று சின்னச்சாமி வேட்டியை மடித்துக் கட்டினான். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். அவர் அந்த வருஷம் தீர்த்தக்குடம் எடுக்கக் காப்புக் கட்டியிருந்தார். "போதும், வா. தெய்வக் குத்தம் வேற தேடித் தராத."

அப்போது முத்துலட்சுமி சொன்னாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

"கொத்துப் போடலாமான்னுதான மாமா கேட்டீக? ஆத்தா வேணாம்னுட்டா. சரி. கையால பிடுங்கலாமான்னு கேக்கலையே?"

பூசாரி பெரியதனக்காரரைப் பார்த்தார். பெரியதனக்காரர் தரையைப் பார்த்தார்.

"மண்ணு இறுகிக் கெடக்கு. கையால எப்பிடிப் புடுங்குறது?" என்றான் ஒருவன்.

"தண்ணி இரும்பு இல்லல்ல?" என்றாள் முத்துலட்சுமி. "லேசா தெளிச்சு விட்டா மண்ணு இளகும்."

 கருப்பையா மாமா அம்மனைப் பார்த்துக் கும்பிட்டார். துண்டை இடுப்பில் கட்டினார். கோயிலுக்குக் கீழேதான் அவருடைய தோட்டம். இறங்கினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பாத்தி ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு பூண்டைச் சுற்றி விரலால் மண்ணைத் தள்ளி, தாளைப் பிடித்து மெதுவாக இழுத்தார். மண்ணோடு வந்தது. அதை உதறி, கண்ணில் ஒற்றி, பக்கத்தில் வைத்தார்.

பிறகு அடுத்ததற்கு நகர்ந்தார்.

விரல்கள்

அன்று மத்தியானமும் மறுநாள் காலையும் எங்கள் ஊரில் எல்லோருக்கும் பத்து விரல்தான் ஆயுதம். நகக்கண்ணில் மண் ஏறிக் கிழிந்தது. மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு மறுபடி குந்தினோம். பிடுங்கியதைக் கூரை இருக்கிற இடமெல்லாம் கொண்டுபோய்ப் பரப்பினார்கள். பள்ளிக்கூட வராந்தா நிறைந்தது. கோயில் மண்டபத்தில் அம்மனுக்கு முன்னால் அரை ஆள் உயரத்துக்குக் குவிந்தது. பூசாரி பூண்டு வாடையிலேயே பூஜை செய்தார்.

நான்? நான் வீட்டுக்கு வீடு ஓடிக்கொண்டிருந்தேன். இங்கே போய் வெரசா எடுங்க என்பேன், அங்கே போய்ப் படத்தைக் காட்டுவேன், மறுபடி இங்கே வந்து எடுத்தார்களா என்று பார்ப்பேன். காப்புக் கட்டிய என் வீட்டுக்காரர் மண்ணைத் தொடவே மாட்டேன் என்று திண்டுக்கல் பூட்டு மாதிரி உட்கார்ந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் விரதம் அவருக்கு.

நான் என் பாத்தியில் உட்கார்ந்தபோது மறுநாள் உச்சி தாண்டிவிட்டது. மழை சாயங்காலத்துக்குப் பிறகுதான் என்று கணக்குப் போட்டிருந்தேன். கணக்கு தப்பிவிட்டது. மூன்றாவது பாத்தியில் இருக்கும்போது தெற்கே மரங்கள் சத்தம் போட்டன. முதல் துளி என் பின்கழுத்தில் விழுந்தது. ஒரு துளிதான், ஆனால் ஒரு புளியங்கொட்டை அளவு இருந்தது.

"ஏலே, சேட்லைட்டுத் தோட்டம் இன்னும் கெடக்குலே!" என்று யாரோ கத்தினார்கள்.

வந்தார்கள். முத்துலட்சுமி வந்தாள், பெரியதனக்காரர் வீட்டுப் பெண்கள் வந்தார்கள், முந்தின நாள் அதிகம் சிரித்தவர்களும் வந்தார்கள். மழைக்குள் குந்திப் பிடுங்கினோம். பாதி வந்தது. பாதி மண்ணில் தங்கிவிட்டது.

மூன்று நாள் பெய்தது. முளைப்பாரியைப் பிளாஸ்டிக் தாள் போர்த்தித்தான் கொண்டுபோய்க் கரைத்தார்கள். கொடைக்கானல் ரோட்டில் இரண்டு இடத்தில் மண் சரிந்தது. நான்காம் நாள் வெயில் வந்தபோது, எங்கள் ஊரில் அநேகமாக எல்லா வீட்டுப் பரணிலும் விதை தொங்கியது. எனக்குப் பாதி.

ஒரே ஒருவன் எடுக்கவில்லை. சின்னச்சாமி. அம்மன் சொல்லிய பிறகு கையால் எடுப்பதும் தப்புதான் என்று பிடிவாதமாக இருந்துவிட்டான். அதுவும் பக்திதான், யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. அவன் தோட்டத்தில் அழுகிய வாடை பத்து நாள் நின்றது.

கைவசம் இருந்ததில் வீட்டுக்கு ஒரு கட்டு அவனுக்குக் கொடுத்தோம். நான் இரண்டு கட்டு கொடுத்தேன். அவன் வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் அப்போது அவனைப் பார்க்கத் தைரியம் இல்லை. மழை வரும் என்று சொன்னவளே மழையை வரவழைத்த மாதிரி ஒரு குற்ற உணர்ச்சி. கவலைப்படுகிறவர்களுக்கு இது புரியும்.

சித்திரை

சித்திரையில் ஊன்றும் நேரம் வந்தது. எப்போதும் காலண்டரில் நல்ல நாள் பார்ப்போம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை சின்னச்சாமி வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"மதினி."

"என்னப்பா?"

"இல்ல... வெதை கொஞ்சந்தான் இருக்கு. ஒண்ணு போனாலும் எனக்குப் போச்சு." தரையைக் கால்விரலால் கீறினான். "எந்த நாளு ஊனலாம்னு பாத்துச் சொல்லுங்க."

 ஊர் முன்னால் பேசியபோதுகூட எனக்கு இவ்வளவு பயம் இல்லை. காய்ந்த மண்ணில் ஊன்றினால் பல் அப்படியே கிடந்து வற்றிவிடும். ஊன்றியதும் கொட்டித் தீர்த்தால் அழுகிவிடும். படத்தைப் பார்த்தேன். கேரளப் பக்கம் மத்தியானத்தில் சின்னச் சின்ன முடிச்சுகள் கிளம்பிக் கிளம்பிக் கரைந்தன. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிழக்கே தள்ளி வந்தன.

"வியாழக்கிழமை ஊனு," என்றேன். "வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல லேசா பெய்யும்."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். சொல்லியாயிற்று.

அவன் வியாழக்கிழமை ஊன்றினான். நான் அன்று சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் வானம் நீலமாக, துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மத்தியானமும் அப்படியே. என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. கிளம்பும்போது குடையை எடுத்தேன். குடை எடுத்துப் போனால் வருகிற மழையும் வராமல் போய்விடுமோ என்று பயந்து, மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு வெறுங்கையோடு போனேன்.

அவன் தோட்டத்து வரப்பில் நின்றேன். சின்னச்சாமி அங்கே ஏற்கெனவே நின்றிருந்தான்.  மூன்று மணி இருக்கும். மேற்கே மலைக்குப் பின்னாலிருந்து ஒரு சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. காற்று மாறியது. பிறகு, மண்ணைக் கரைக்காமல், புழுதியை மட்டும் அடக்குகிற மாதிரி, பொடிப் பொடியாகத் தூற ஆரம்பித்தது.

நான் நனைந்துகொண்டே நின்றேன். பக்கத்தில் பட்டென்று ஒரு சத்தம்.

காலையிலிருந்து ஒரு மேகம் இல்லாத அந்த வானத்தின் கீழே, சின்னச்சாமி குடையோடுதான் வந்திருந்தான். அதை விரித்துப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

"உள்ள வாங்க மதினி," என்றான்.